மாதிரியுருவுக்குப் பக்கத்தில் செய்தவளும் நிற்கட்டும்

சென்ற வருடம் பல பாடசாலைகள் கலந்துகொண்ட ஒரு கண்காட்சிக்கு, ஹட்டன் சிங்கமலைச் சுரங்கத்தின் வாயிலையும் அதிலிருந்து வெளியே வரும் ரயிலையும் மாதிரியுருவாகச் செய்து கொண்டுபோனேன். வாசலிலேயே வாங்கி ஓர் இலக்கத்தை ஒட்டினார்கள். மேசையில் வைத்துவிட்டு, மாணவர்கள் எல்லோரும் பின்னாலுள்ள மண்டபத்தில் போய் இருக்க வேண்டும் என்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு நடுவர்களில் ஒருவர் என்னைக் கண்டு, "நல்லா இருக்கு மகள். யாரு செஞ்சு தந்த, நானாவா?" என்று கேட்டார்.

அவர் அன்பாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு நானாவே இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் மேல் கோபம் வரவில்லை. செய்தவளை மேசையிலிருந்து அனுப்பிவிட்டால், யார் செய்தது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆண் பிள்ளைதான் செய்திருப்பான் என்றோ, காசு கொடுத்துச் செய்வித்திருப்பார்கள் என்றோதான் நினைக்கத் தோன்றும். இரண்டாவது எண்ணம் எப்போதும் பொய்யும் அல்ல. கடையில் சொல்லிச் செய்வித்த ரெஜிபோம் மாளிகைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம்மில் சிலர் கொண்டும் வந்திருக்கிறோம்.

ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்காட்சியில் மாதிரியுருவுக்குப் பக்கத்தில் அதைச் செய்தவளும் நிற்க வேண்டும். அந்த மேசைக்கு இருபுறமும் நிற்பவர்கள் பேசிக்கொள்வதுதான் மாதிரியுரு செய்வதன் பெரிய பயன். பரிசு அதற்குப் பிறகுதான்.

உலகின் பல நாடுகளில் இது பெரியவர்களின் பொழுதுபோக்கு. பிரித்தானியாவில் 1963இல் பிளாஸ்ரிக் மாதிரியுரு செய்பவர்களுக்கென ஒரு சர்வதேசச் சங்கம் உருவானது. இன்று பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு. அது நடத்தும் பெரிய கண்காட்சியில் போட்டியும் இருக்கிறது. ஆனால் மண்டபத்தின் பெரும் பகுதி கழகங்களின் மேசைகளுக்கு உரியது. ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் செய்தவர்கள் கதிரை போட்டு அமர்ந்திருப்பார்கள். "இந்தத் துருவின் நிறம் எப்படி வந்தது?" என்று யாராவது கேட்டால் அரை மணித்தியாலம் பேசுவார்கள். ஒருவர் கற்ற வித்தை அன்று மாலைக்குள் பத்துப் பேரிடம் போய்விடும்.

அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் 1946இல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் கழகத்தைத் தொடங்கினார்கள். மேசைக்கு மேலே சிலர் மலையும் வீடும் செய்ய, மேசைக்குக் கீழே சிலர் பழைய தொலைபேசி உதிரிப் பாகங்களால் ரயிலை ஓட்டும் மின்சுற்றுகளை அமைத்தார்கள். பின்னர் பல்கலைக்கழகத்துக்குக் கணினி வந்தபோது, இரவிரவாக அதன் முன் போய் உட்கார்ந்தவர்களும் இவர்களே. 1962இல் உருவான 'ஸ்பேஸ்வார்' என்ற ஆரம்பகாலக் கணினி விளையாட்டைச் செய்தவர்களில் இந்தக் கழகத்தினரும் இருந்தார்கள். பொம்மை ரயில் அவர்களின் படிப்பைக் கெடுக்கவில்லை. ஒன்றாக உட்கார்ந்து யோசிக்கும் பழக்கத்தைத்தான் கொடுத்தது.

இது மேற்கு நாட்டவரின் பழக்கம் என்று ஒதுக்கவும் வேண்டாம். அல் ஜஸரீ என்ற முஸ்லிம் பொறியியலாளர் 1206இல் எழுதி முடித்த நூலில் ஐம்பது இயந்திரங்களைப் பற்றிச் சொல்கிறார். யானை வடிவ நீர்க்கடிகாரம் அவற்றில் ஒன்று. அவர் தன் வித்தையை மறைக்கவில்லை. பாகம் பாகமாகப் படம் வரைந்து, வேறொருவர் திரும்பச் செய்யக்கூடிய விதத்தில் விளக்கியிருக்கிறார். "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு எண்ணூறு வருடங்களுக்கு முன்பே அவர் பதில் எழுதி வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வியின் மதிப்பை நான் உணர்ந்தது அதே கண்காட்சியில், பகல் இடைவேளையின்போதுதான். லுஹர் தொழுதுவிட்டு வரும் வழியில் மண்டபக் கதவு திறந்திருந்தது. என் மாதிரியுருவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே போனேன். அடுத்த மேசையருகே ஒரு தங்கை நின்றிருந்தாள். ஒன்பதாம் ஆண்டு இருக்கலாம். தோட்டப் பாடசாலை ஒன்றிலிருந்து வந்தவள். அவள் லயத்து வீடு ஒன்றைச் செய்திருந்தாள்.

ஒரு காம்பிரா. முன்னால் இஸ்தோப்பு. கூரைக்கு, தகரத்தைப் போல மடித்த பிரிஸ்டல் போர்ட். அளவிடை, ஓர் அடிக்கு ஓர் அங்குலம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிரா, பத்து அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலமாக இருந்தது. ஓர் ஏ3 தாளின் அகலம்கூட அதற்கு முழுதாகத் தேவையில்லை. உள்ளே ஒரு கட்டில், ஓர் அலுமாரி, மூலையில் அடுப்பு. கட்டிலை வைத்த பிறகு எஞ்சிய இடம் என் இரண்டு கைகளை விரித்து வைக்கும் அளவுதான். மனித உருவங்கள் எதையும் அவள் வைக்கவில்லை. வாசற்படியில் பழைய சிலிப்பரை வெட்டிச் செய்த சிறிய செருப்புகள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஏழு சோடி.

"ஏழு பேரா?" என்று கேட்டேன்.

"ஆமாக்கா. ராவைக்குச் செருப்பு அத்தனையும் வாசல்லதான் கெடக்கும்" என்றாள்.

லயங்களைப் பற்றி நான் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றிருக்கிறேன். 'போதிய இடவசதியின்மை' என்று எழுதினால் ஒரு புள்ளி. அந்த வார்த்தைகளின் பொருள் என்னவென்று அன்றுதான் கண்ணால் கண்டேன். அளவிடையின் நேர்மை அது. கூட்டவும் குறைக்கவும் விடாது.

பிறகு அவள் என் மேசைக்கு வந்தாள். பாறையை எப்படிச் செய்தேன் என்று கேட்டாள். பத்திரிகைத் தாளை ஊறவைத்து, மாப் பசையில் பிசைந்து, மேலே காயவைத்த தேயிலைச் சக்கையைத் தூவியதைச் சொன்னேன். சிறிது நேரம் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"அக்கா, இந்தத் தேயிலச் செடி ரயிலுப் பொட்டி ஒசரத்துக்கு இருக்கே? எங்கம்மா கொழுந்து பறிக்கிற செடி இடுப்பு மட்டுந்தான் இருக்கும்."

அவள் சொன்னது சரி. என் மாதிரியுரு 1:87 அளவிடையிலானது. மாதிரி ரயில் செய்பவர்கள் உலகெங்கும் அதிகம் பயன்படுத்துவது அது. அந்தக் கணக்கில் ஒரு மீற்றர் உயரச் செடி ஒரு சென்டிமீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நான் ஸ்பொஞ்சை நாலு சென்டிமீற்றருக்கு வெட்டி ஒட்டியிருந்தேன். சுரங்கத்தின் கல்லையும் ரயிலின் சன்னலையும் அளந்து செய்த நான் தேயிலைச் செடியை அளக்கவில்லை. பிறந்தது முதல் என்னைச் சுற்றி இருப்பது தேயிலை. அது பறிப்பவரின் இடுப்புக்கு வருமா தோளுக்கு வருமா என்று நான் பார்த்ததே இல்லை. நடுவர்கள் யாரும் அந்தப் பிழையைக் காணவில்லை. கண்டவள் அவள்தான்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் இடையே ஒரு மைல்கூட இல்லை. சம்பள நாளில் தோட்டத்து ஆட்கள் வாப்பாவின் கடைக்கு வருவார்கள். அவர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். விலை கேட்பார்கள், சொல்வோம். பதினேழு வயதுவரை எனக்குத் தோட்டத்துப் பிள்ளைகளோடு இருந்த பழக்கம் அவ்வளவுதான். அன்றும் எங்களுக்கு நடுவில் ஒரு மேசைதான் இருந்தது. ஆனால் அதன் மேல் இருந்தது நாங்கள் கையால் செய்த பொருள். அதனால் விலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம். பதினைந்து நிமிடத்தில் மணி அடித்தது. எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

அந்தப் பதினைந்து நிமிடத்தை ஏன் ஒரு முழு நாளாக ஆக்கக் கூடாது என்பதே என் கேள்வி.

நம் பாடசாலைகளுக்கு மூன்று யோசனைகள் சொல்கிறேன். முதலாவது, ஒவ்வொரு மாதிரியுருவுக்கும் பக்கத்தில் ஒரு கதிரை. செய்தவள் அங்கே இருந்து வருபவர்களோடு பேசட்டும். நடுவர் கேட்கும் கேள்விக்கு அவளே பதில் சொல்லட்டும். அப்போது "நானாவா செய்தது?" என்ற கேள்வி எழாது. கடையில் செய்வித்துக் கொண்டுவருவதும் தானாகவே குறையும்.

இரண்டாவது, இலக்கத்துக்குப் பதிலாக ஓர் அட்டை. செய்தவளின் பெயர், பாவித்த பொருட்கள், யார் உதவினார்கள், எங்கே பிழைத்தது. உம்மா பசை காய்ச்சித் தந்திருந்தால் அதையும் எழுதலாம். உதவி பெறுவது வெட்கமல்ல. மறைப்பதுதான் வெட்கம்.

மூன்றாவது யோசனை கொஞ்சம் பெரியது. மாதிரி ரயில் செய்யும் கழகங்களில் ஒரு முறை உண்டு. ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒரு பலகையில் பாதையின் ஒரு துண்டைச் செய்வார்கள். நடுவில் மலையோ ஆறோ எதுவும் செய்யலாம். பலகையின் இரு விளிம்புகளும் தண்டவாளம் வரும் இடமும் மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு. கண்காட்சி நாளில் எல்லாவற்றையும் இணைத்தால் ரயில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஓடும். நாமும் ஹட்டனிலிருந்து நானுஓயா வரையுள்ள பாதையை அப்படிச் செய்யலாம். 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்த பாதை அது. கொட்டகலையை ஒரு பாடசாலை, தலவாக்கலையை ஒரு பாடசாலை, வட்டகொடையை ஒரு பாடசாலை எடுத்துக்கொள்ளலாம். தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலைகள் எல்லாம் சேரலாம். அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளமான சிங்கமலைச் சுரங்கத்தை 1:87இல் செய்தால் ஆறரை மீற்றர் வரும். ஒரு வகுப்பறை நீளம். எண்பது மீற்றர் உயரமான சென் கிளேயார் நீர்வீழ்ச்சி ஒரு மீற்றருக்கும் சற்றுக் குறைவு. சிறு பிள்ளை ஒன்றின் உயரம்.

இதற்குப் பெற்றோர் சொல்லக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். எங்கள் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன்.

"செலவு." வெளிநாட்டுப் பெட்டிகள் விலை அதிகம்தான். ஆனால் நம் ரயில் அந்தப் பெட்டிகளில் வராது. நம் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் ஐந்தரை அடி. 1:87இல் அது பத்தொன்பது மில்லிமீற்றருக்கு மேல். கடையில் விற்கும் அதே அளவிடைத் தண்டவாளமோ பதினாறரை மில்லிமீற்றர். ஆகவே நம்முடையதை நாமேதான் செய்ய வேண்டும். அட்டை, ஈர்க்கு, தீக்குச்சி, தேயிலைச் சக்கை போதும்.

"உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?" வாரத்தில் இரண்டு மணித்தியாலம் கேட்கிறேன். அதைவிட அதிக நேரம் நாங்கள் கைத்தொலைபேசியில் போக்குவதை நீங்களும் அறிவீர்கள், நாங்களும் அறிவோம்.

"இது ஆண் பிள்ளைகளின் விளையாட்டு." நம் வாப்பும்மாமார் பன் பாய் இழைத்தார்கள், ரேந்தை பின்னினார்கள். கண்ணளவும் கையளவும் தவறாத வேலைகள் அவை. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்திருந்து பேசிக்கொண்டே செய்தார்கள். அந்தக் கையில் ஒரு ரயிலைக் கொடுத்தால் மட்டும் பிழையாகிவிடுமா? உருவம் செய்வது பற்றிய தயக்கம் உள்ளவர்களுக்கும் சொல்கிறேன். நாம் செய்வது பாலம், மலை, ரயில், வீடு. ஏழு பேரைக் காட்ட ஏழு சோடிச் செருப்பே போதும் என்று ஒரு தங்கை செய்து காட்டிவிட்டாள்.

போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரிசு யாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் போட்டியில் பக்கத்து மேசைக்காரி என் எதிராளி. பேச விட்டால் அவள் என் பிழையைத் திருத்துபவள்.

என் சுரங்கம் இப்போது எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் இருக்கிறது. தேயிலைச் செடிகள் அத்தனையையும் ஒரு சென்டிமீற்றருக்கு வெட்டிவிட்டேன். அதை அவளிடம் காட்ட ஆசை. ஆனால் மணி அடித்த அவசரத்தில் நான் அவள் பெயரைக் கேட்கவில்லை. மேசையில் ஒட்டியிருந்த இலக்கம் மட்டும்தான் நினைவிருக்கிறது. 43.

அடுத்த கண்காட்சியின்போது நான் பரீட்சை எழுதிவிட்டுப் பாடசாலையை விட்டுப் போயிருப்பேன். தங்கைகள் நீங்கள் போவீர்கள். உங்கள் மாதிரியுருவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அடுத்த மேசையில் இருப்பவளிடம் பேசுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் பெயரைக் கேளுங்கள்.