ஓமலூரும் ஜனத்தொகைக் கணக்கும்

2027-ம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ந் தேதியை எல்லையாகக் கொண்டு ஜனத்தொகைக் கணக்கெடுக்கப்படும் என்று இந்திய சர்க்கார் 2025-ம் வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி விளம்பரஞ் செய்தனர். 1881 முதல் 2011 வரை, பஞ்சத்திலும் யுத்தத்திலும் கூடப் பத்தாண்டுக்கொருமுறை தவறாது நடைபெற்று வந்த இக்காரியம், 2021-ல் கொள்ளை நோயின் காரணமாக நின்று போயிற்று. இம்முறை ஜாதியும் கேட்டு எழுதப்படும். ஜாதிக் கேள்வியைப் பற்றி எங்கும் பெருத்த விவாதம் நடைபெறுகிறது. அதனருகில் நிற்கும் தாய்மொழிக் கேள்வியைப் பற்றியோ பேசுவார் இல்லை. சேலம் ஜில்லா ஓமலூரை உதாரணமாகக் கொண்டு அதைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

ஓமலூர் ஒரு பேரூராட்சி, தாலுகாவின் தலைநகர். பெயரளவில் நகரமாயினும், சுற்றிலுமுள்ள கிராமங்களின் விளைபொருளையும் சந்தையையும் நம்பியே பிழைக்கும் ஊர். சேர்வராயன் மலையில் உற்பத்தியாகும் சரபங்கா நதி இவ்வூர் வழியாக ஓடிக் காவேரியிற் கலக்கிறது. பெங்களூர் செல்லும் ரயில் பாதையும் மேட்டூர் அணைக்குச் செல்லும் பாதையும் இங்கே பிரிகின்றன. கடைவீதியிலும் கச்சேரியிலும் வழங்குவது தமிழ். ஆனால் அதே கடைவீதியில் தமிழில் பேரம் பேசிய பலர் வீடு திரும்பியதும் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசுகின்றனர். சேலம் ஜில்லாவில் தமிழுக்கு அடுத்தபடி தெலுங்கும், அதற்கடுத்துக் கன்னடமும் வழங்குகின்றன.

இஃது நேற்று நேர்ந்ததன்று. தாரமங்கலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இச்சீமையை ஆண்ட கெட்டி முதலிகளின் கோட்டைகளுள் ஓமலூரும் ஒன்று. விஜயநகரத்தாரின் ஆட்சியிலும் பின்னர் மதுரை நாயக்கர்களின் ஆட்சியிலும் தெலுங்குக் குடிகள் தெற்கே வந்து கரிசல் நிலங்களைத் திருத்தினர். 17-ம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர் மன்னர் சிக்க தேவராஜரின் படைகள் இப்பிரதேசத்தைக் கைப்பற்றின. அன்று முதல் ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலம் வரை, சுமார் ஒரு நூற்றாண்டு, ஓமலூர் மைசூரையே நோக்கி நின்றது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாராமகாலும் கம்பெனியாரின் கைக்கு மாறின. காப்டன் ரீடும், அவருக்கு உதவியாயிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, குடியானவரிடம் நேரே வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் அடிகோலினர். ஆட்சிகள் மாறின, குடிகள் மாறவில்லை. வந்தவர் யாவரும் இம்மண்ணுக்கே உரியவராயினர்.

ஜனத்தொகைக் கணக்கின் அருமையை அறிந்த ஜில்லா சேலம் ஜில்லா. 1871-ல் இந்த ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்திற்கு மேற்பட்டிருந்தது. 1881-ல் அது 16 லட்சத்திற்கும் சற்றுக் குறைந்தது. இடையில் நேர்ந்தது 1876-78-ம் வருஷங்களின் தாது வருஷப் பஞ்சம். மாண்டவர்களின் பெயரைச் சொல்ல எவருமில்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி அவ்விரு எண்களே. அதன் பின் தர்மபுரி, நாமக்கல் முதலிய பகுதிகள் தனி ஜில்லாக்களாகப் பிரிந்து போயும், 2011-ல் சேலம் ஜில்லாவில் 34,82,056 பேர் இருந்தனர்.

எண் என்பது ஏட்டில் உறங்கும் பொருளன்று. 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய சர்க்கார் நிர்ணயித்த தானிய ஒதுக்கீடு 2011-ம் வருஷத்துக் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. வார்டுகளின் எல்லையும், தாழ்த்தப்பட்டோருக்குரிய ஸ்தானங்களும் கணக்கைப் பொறுத்தவையே. தாய்மொழிக்கும் இது பொருந்தும். ஒரு வகுப்பில் 10 பேரோ, ஒரு பள்ளியில் 40 பேரோ ஒரு பாஷையைத் தாய்மொழியாகக் கொண்டிருப்பின் அப்பாஷையில் ஆரம்பக் கல்விக்கு ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டுமென்று 1949-ல் மாகாணக் கல்வி மந்திரிகளின் மகாநாடு தீர்மானித்தது. 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-ஏ ஷரத்து சேர்க்கப்பட்டது. ஒரு முனிசிபாலிடியிலோ தாலுகாவிலோ நூற்றுக்கு 15 முதல் 20 பேர் வரை வேற்றுப் பாஷை பேசுவோராயின் முக்கியமான அறிவிப்புகளை அப்பாஷையிலும் வெளியிட வேண்டுமென்பதும் அவ்வருஷத்து ஏற்பாடே. கணக்குப் பிழைத்தால் இந்த உரிமைகள் யாவும் காகிதத்தோடு நிற்கும்.

பிழை எவ்வாறு நேரும்? கணக்கெடுப்பவர் தமிழில் கேட்பார். வீட்டார் தமிழில் விடையளிப்பர். உடனே "தமிழ்" என்று குறித்துக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்குச் செல்வார். இது ஒரு வகை. ஜாதியைக் கேட்டுவிட்டுப் பாஷையைத் தாமே ஊகித்து எழுதுவது மற்றொரு வகை. இம்முறை ஜாதியும் எழுதப்படுவதால் இரண்டாவது ஆபத்தே பெரிது. தேவாங்கரில் தெலுங்கு பேசுவோரும் உண்டு. கன்னடம் பேசுவோரும் உண்டு. அருந்ததியரில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசுவோர் இருக்கின்றனர். நாயுடு என்றதும் தெலுங்கு என்று எழுதுவது, அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தமிழே வழங்கினும் தவறாய் முடியும்.

இவ்விஷயத்தில் இரு கட்சியினர் ஜனங்களின் மனத்தைக் கலக்குகின்றனர். வேற்றுப் பாஷை பேசுவோர் பெருகக் காட்டினால் தமிழுக்குக் குறைவு வரும் என்பர் ஒரு சாரார். வீட்டில் வழங்காத பாஷையையும் வழங்குவதாக எழுதித் தொகையைப் பெருக்கிக்கொள்ளச் சொல்வர் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் நமக்கு உடன்பாடன்று. தெலுங்குக் குடியிற் பிறந்து, அக்காலத்தில் இந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்த இராசிபுரத்தில் வளர்ந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு "தமிழ்நாடு" பத்திரிகையை நடத்தித் தேச பக்தியைத் தமிழில் ஊட்டினார். அவருடைய வீட்டு மொழியால் தமிழுக்கு நேர்ந்த நஷ்டம் யாது? தமிழின் பலம் அயலானின் நாவை அடக்குவதில் இல்லை. அவனும் விரும்பிக் கற்கும் பாஷையாயிருப்பதில் இருக்கிறது. அவ்வாறே பொய்த் தொகையால் ஒரு பாஷைக்கு உயிர் வராது. வீட்டிற் குழந்தை பேசினால்தான் வரும்.

2011-ல் தாய்மொழியுடன், ஒருவர் அறிந்த வேறு இரண்டு பாஷைகளும் கேட்டு எழுதப்பட்டன. ஓமலூரின் உண்மை இவ்விரு கேள்விகளும் சேர்ந்த இடத்தில்தான் விளங்கும். ஆகவே நம் நண்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. பேரூராட்சி அங்கத்தினரும் தேச ஊழியரும் வார்டு தோறும் சென்று, குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய பாஷை எதுவோ அதையே சொல்லுங்கள், அறிந்த பிற பாஷைகளையும் சொல்லுங்கள், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று ஜனங்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். கணக்கெடுக்கும் ஆசிரியர்களுக்கு, கேளாமல் எழுதலாகாது என்று மேலதிகாரிகள் கண்டிப்பாய் உத்தரவிட வேண்டும். பதினாறு வருஷங்களுக்குப் பின் ஒருமுறை வரும் சந்தர்ப்பம் இது. இதில் எழுதப்படும் பொய்யைத் திருத்த மேலும் பத்து வருஷம் காத்திருக்க நேரும்.