பெருமை மட்டும் போதுமா?

2023 ஆகஸ்டு 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவில் மெல்லத் தரையிறங்கியது. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியர் ஒருவரின் மைந்தர், அவ்வூர் ரயில்வே பள்ளியில் பயின்று, அங்கேயே பாலிடெக்னிக் பட்டயமும் பெற்றவர். விழுப்புரம் அவரைக் கொண்டாடியது முறையே, நாமும் மகிழ்ந்தோம். ஆயினும், ‘நம் ஊர்ப் பிள்ளை’ என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ளும் மேடைகளையும் ஏடுகளையும் நோக்கி நாம் ஒன்று கேட்கிறோம்: அவர் யார் பிள்ளை என்று சொன்னீர்கள், அவர் செய்த பணி யாது என்று சொன்னீர்களா?

அப்பணியின் வேர் ஒரு தோல்வியில் இருக்கிறது. 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் மோதிச் சிதைந்தது. இறங்குகையில் வேகத் தணிப்பு வகுத்த அளவினின்று பிறழ்ந்தது என்று அவ்வாண்டு நவம்பரில் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நிலவில் காற்று இல்லை. பாராசூட் அங்கே பயன்படாது. விநாடிக்கு ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் வேகத்தை எஞ்சின்களின் எதிருந்துதல் ஒன்றே தணித்தாக வேண்டும். அதில் சிறு பிழை நேரினும் கலம் தப்பாது.

எனவே அடுத்த கலத்தை, ‘எவையெல்லாம் பழுதாகலாம்?’ என்னும் வினாவிலிருந்து வகுத்ததாக அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் 2023இல் விளக்கினார். முன்பு 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்குகளம், 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரிந்தது. எரிபொருள் கூட்டப்பட்டது, கால்கள் வலுவாக்கப்பட்டன, வேகத்தை அளக்க லேசர் கருவி ஒன்றும் சேர்ந்தது. பிழையை மறைக்காமல் ஆராய்ந்து திருத்திய இந்த நெறியே அறிவியல்.

“பாமரனுக்கு இவையெல்லாம் எதற்கு?” என்பார் உளர். பாரம் ஏற்றிய லாரியை இறக்கத்தில் கட்டுப்படுத்தும் ஓட்டுநருக்கு வேகத் தணிப்பின் அருமையை நாம் கற்பிக்க வேண்டுமா? ஏறத்தாழ 615 கோடி ரூபாய் செலவான திட்டம் அது; அப்பணம் மக்களுடையது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்த்தோம். கைதட்டுவதால் மட்டும் அக்கடமை நிறைவேறிவிடுமா?

இதைக் கற்க நிலவுக்குத்தான் போகவேண்டுமென்பதில்லை. திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையே திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. 1781இலேயே பிரெஞ்சு அறிஞர் சொன்னெரா அவற்றைக் குறித்து எழுதியிருக்கிறார். ‘வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு’ என்று மாணவன் மனப்பாடம் செய்துவிடலாம். எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்க வேண்டாமா? அம்மரங்களில் கிளையில்லை, வேரில்லை. ஆதலால் அவை அங்கே வளர்ந்தவையல்ல, வெள்ளம் அடித்து வந்து புதைத்தவை என்று புவியியலார் முடிவுகண்டனர். கண்ணால் கண்டதிலிருந்து காணாததை அறியும் இவ்வழியைப் பழக்காமல் விடையை மட்டும் ஊட்டும் வகுப்பறை, வினாடி வினாப் பரிசுக்கு ஆள் சேர்க்குமேயன்றி அறிவியலாரை உருவாக்காது.

பிறை கண்டு மாதத்தைத் தொடங்கும் நமக்கும் இதில் பங்குண்டு. முதற்பிறை ஏன் இத்தனை விரைவில் மறைகிறது என்று மாடியில் நிற்கும் குழந்தை கேட்டால், “சும்மா இரு” என்று அடக்கலாகாது. அன்று சந்திரன் சூரியனைவிட்டுச் சற்றே விலகியிருப்பதால், அதனைத் தொடர்ந்து தானும் விரைவில் மறைகிறது என்று சொல்லும் பொறுப்பு பெற்றோருடையது.

விழுப்புரத்துப் பள்ளிகளிலும் திண்டிவனத்துப் பள்ளிகளிலும் வீரமுத்துவேலின் படத்தை மாட்டுங்கள், வேண்டாமென்று சொல்லமாட்டோம். அதன் கீழே 2019இல் என்ன பிழை நேர்ந்தது, 2023க்குள் அது எவ்வாறு திருத்தப்பட்டது என்பதையும் எழுதிவையுங்கள். படத்தைவிட அந்த வரிகளே அடுத்த தலைமுறைக்கு உதவும்.