அழும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கலாமா?

காதல் சித்திரக்கதைகளைக் கேலி செய்வது தகுமா என்றால், தாராளமாகத் தகும் என்பதே பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் கருத்து. ஆனால் அந்தக் கேலி யார்மேல் போய் விழுகிறது என்பதையும் சற்றுப் பார்க்க வேண்டும் அன்றோ?

அமெரிக்காவில் 1947-ஆம் ஆண்டு ஜோ சைமன், ஜாக் கர்பி என்னும் இருவர் 'யங் ரொமான்ஸ்' என்ற சித்திரக்கதை இதழைத் தொடங்கினர். 'கேப்டன் அமெரிக்கா' என்ற வீரனைப் படைத்தவர்களும் இவர்களே! இதழ் அமோகமாக விற்கவே, மற்றப் பதிப்பாளரும் அதே வழியில் இறங்கினர். ஒரு பெண் தன் வாயாலேயே 'நான்' என்று சொல்வதுபோல் அமைந்த கதைகள் இவற்றில் ஏராளம். அவள் காதலிப்பாள், ஏமாறுவாள், கன்னத்தில் கண்ணீர் வழிய நிற்பாள், கடைசிக் கட்டத்தில் ஒருவன் வந்து சேருவான். அந்த 'நான்' என்பதை எழுதியவரும் வரைந்தவரும் பெரும்பாலும் ஆண்கள் என்பதுதான் வேடிக்கை. 1954-இல் பதிப்பாளர்கள் தங்களுக்கென ஒரு கட்டுப்பாட்டு விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டனர். காதல் கதைகள் இல்லறத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும் என்றது அது. நல்லதுதான். ஆனால் கதாநாயகி அழுவதை நிறுத்தலாம் என்று அதில் ஒரு வரியும் இல்லை!

1963-இல் ராய் லிக்டன்ஸ்டைன் என்ற ஓவியர், டோனி அப்ரூசோ என்பவர் வரைந்த இத்தகைய ஒரு கட்டத்தைப் பார்த்துப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். தண்ணீரில் மூழ்கும் பெண். கண் நிறையக் கண்ணீர். அது இன்று நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மூலப்படத்தில் பின்னால் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு ஒரு வாலிபனும் இருந்தான். ஓவியர் அவனை நீக்கிவிட்டார். ஆகவே பார்ப்பவர் புன்னகைப்பதற்கு எஞ்சியது அந்தப் பெண் மட்டுமே. இதுதான் எங்களுக்கு உறுத்துகிறது. அசட்டுத்தனம் கதையை எழுதியவருடையது. சிரிப்புக்கு ஆளாவதோ அழுகிறவளும், அதை ஆசையாய்ப் படித்த சிறுமியரும்.

1970-இல் பில் கிரிஃபித், ஜே கின்னி என்ற இரு இளைஞர்கள் இக்கதைகளைப் பகடி செய்தே ஒரு தனி இதழ் நடத்தத் தொடங்கினர். பெரும் பதிப்பகங்களைச் சாராத இதழ் அது. பெரியவர்களுக்கானது, எங்கள் நூலகத்திற்கு வாங்கும்படி சகோதரிகளிடம் விண்ணப்பிக்க மாட்டோம், அஞ்ச வேண்டாம்! ஆயினும் புளித்துப்போன கதையை அதன் பாணியிலேயே திருப்பிக் காட்டினால் அதன் பொய் வெளியாகும் என்று கண்டார்களே, அந்த யுக்தி எங்களுக்குப் பிடிக்கிறது.

அதைவிடப் பிடித்தது, அதே 1970-இல் ட்ரீனா ராபின்ஸும் அவருடைய தோழியரும் முழுக்கப் பெண்களே வரைந்து வெளியிட்ட ஒரு சித்திரக்கதை இதழின் அட்டை. அதில் வொண்டர் வுமன், லிட்டில் லூலு முதலிய நாயகியர் முஷ்டியை உயர்த்தி ஊர்வலம் போகிறார்கள். பாப்பாயின் காதலியாகவே காலம் தள்ளிய ஆலிவ் ஆயிலும் அவர்களோடு நடக்கிறாள். ஒருத்தி கண்ணிலும் நீர் இல்லை.