வெட்கத்தை விற்பவர்கள்

களவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பிள்ளை களவெடுத்தால் விசாரிக்கப் பொலிஸ் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. இங்கிலாந்தில் நடந்ததோ வேறு. பிள்ளை எடுத்த பொருள் வாசலிலேயே மீட்கப்பட்டு மீண்டும் இறாக்கைக்குப் போய்விடும். பிறகு வீட்டுக்கொரு கடிதம் வரும். அனுப்புவது கடைகூட அல்ல, கடைக்காகப் பணம் அறவிடும் கம்பனி. காவலாளியின் நேரம், நிர்வாகச் செலவு என்று நூறு பவுணுக்கு மேல் கேட்கும். கட்டாவிட்டால் வழக்கு என்னும். பிள்ளையின் தவறுக்குப் பெற்றோர் பொதுவாகக் கடனாளியாகார் என்பதே அந்நாட்டுச் சட்டம். எந்தத் தாய்க்கு அது தெரியும்? நானும் பிள்ளை பெற்றவன். மானத்துக்குப் பயந்து கடன்பட்டாவது கட்டியிருப்பேன். கம்பனியின் முதலே அந்த வெட்கந்தான்.

2009இல் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு இதை அம்பலப்படுத்தியது. கடிதம் கிடைத்தவர்களுள் பலர் பதின்ம வயதினர். 2012 மே மாதம் ஒக்ஸ்போர்ட் கவுண்டி நீதிமன்றில், பதின்ம வயதில் பிடிபட்ட இரு பெண்கள் துணிந்து எதிர்வழக்காடினர். ஆளுக்கு 137.50 பவுண் கேட்ட வழக்கு தள்ளுபடியானது. காவலாளிகள் சம்பளம் வாங்கும் வேலையைத்தான் செய்தார்கள், அதனால் கடைக்கு நட்டமில்லை என்றார் நீதிபதி. அப்படியானால், அதற்கு முன் பயந்து கட்டியவர்களின் பணத்துக்கு யார் கணக்குச் சொல்வது?