கல்லில் நிற்பவன் யார்?

இடம் என்பது வெறும் மண். அதைத் திருவிடம் ஆக்குவது மாந்தன் நினைவு. நயினார்பாளையத்தைப் போன்ற நம் ஊர்ப்புறங்களில் ஒரு வேம்பினடியில் கல்லை நட்டு மஞ்சள் பூசிவிட்டால், மறுநாளே அவ்வழிச் செல்வோர் செருப்பைக் கழற்றுவர். முன்னாள் மாலைவரை ஆடு மேய்ந்த இடம் அது! மண் மாறவில்லை, மனம் மாறியது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரே இதற்குச் சான்று. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவினதாகிய ஓர் இடைகழியில் முதலாழ்வார் மூவரும் மழைக்கு ஒதுங்கி நின்றனர்; நான்காமவனாய்த் திருமால் புகுந்து நெருக்கினான் என்பது மாலியர் மரபு. வீடுதோறும் உள்ள இடைகழி, அக்கதையால் திருவிடமாயிற்று.

அவ்வூரிலேயே தென்பெண்ணையின் நடுவே நிற்கிறது கபிலர் குன்று. பாரி மகளை மலையனுக்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்த கல் என்று, வீரட்டானக் கோயிலிலுள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. புறநானூற்றுப் பழங்குறிப்போ, மகளிரைப் பார்ப்பாரிடம் சேர்த்துவிட்டு அவர் வடக்கிருந்தார் என்கிறது. செய்தி இரண்டாயினும் அடிப்படை ஒன்றே: நண்பனை இழந்த புலவர் தம் உயிரை வேண்டாரானார். இப்பாறையை உயர்த்தியது இறும்பூதன்று; நட்பு!

கல்லுக்குப் பெருமை சேர்க்கும் இம்முறை தமிழர்க்குப் புதிதன்று. காட்சி முதல் வாழ்த்து ஈறாக நடுகல்லுக்கு ஆறு துறை வகுத்தது தொல்காப்பியம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோட்பூசலில் மாண்ட தீயன் அந்தவன் பெயரை இருபது நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தமிழி எழுத்தில் தாங்கி நிற்கிறது. கல்லில் நின்றவன் ஊர் காக்கவும் ஆநிரைக்காகவும் உயிர் கொடுத்த மாந்தன்.

பெயர் மறைந்த கல்லிலோ பேய்க்கதை குடியேறும். அதன்பின் யாரும் வந்து எப்பெயரையும் சூட்டலாம். எவரும் அதற்கு உரிமை கொண்டாடலாம். வீரன் ஒருவன் வேற்றுப்பெயர்க் கடவுளாகிப் பூசை பெறுவான். அவன் வழித்தோன்றல்களோ தம் முன்னோனை அறியாமலே கும்பிட்டு நிற்பர். இதனினும் பேரிழப்பு ஓரினத்திற்கு உண்டோ?

ஆகவே தமிழீர், ஊரோரக் கல்லின்முன் கைகூப்பும் உழவனை எள்ளாதீர். நன்றியுணர்வின் எச்சம் அது. அவனோடு அமர்ந்து அக்கல்லின் வரலாற்றைக் கேளுங்கள். எழுத்தோ உருவமோ தென்படின் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். சாலைக்கும் கடைகாலுக்கும் அக்கல் இரையாகாமல் காத்திடுங்கள். அச்சத்தால் வணங்கிய இடத்தை அறிந்து வணங்குவோம்! கல்லில் நிற்பவன் நம் முன்னோன். அவன் பெயரை மீட்பது நம் கடன்.