வீட்டைத் தேடும் நிரலும் சொல்லைத் தேடாத தமிழரும்

மொழித்தூய்மை என்பது மேடைக்கும் பாட்டுக்கும் உரியதோர் ஒப்பனை; அறிவியலுக்கும் வணிகத்துக்கும் அதனால் ஆவது ஒன்றுமில்லை எனச் சொல்லித் திரிவார் பலர். அவருள் கற்றவரும் உளர். தமிழாலேயே வயிறு வளர்ப்பாரும் உளர். 'கணிப்பொறிக்கு மொழி ஏது? எந்தச் சொல்லை இட்டால் என்ன?' என்பது அவர்தம் கேள்வி. இக்கேள்விக்குக் கணிப்பொறியைக் கையாள்வாரே விடை தந்துவிட்டனர். அவ்விடை தமிழ்நாட்டில் பிறந்ததன்று. அமெரிக்க நாட்டில் வீடு விற்கும் தரகரிடையே பிறந்தது. தமிழியக்கத்தார் அதனை ஊன்றி நோக்குதல் தகும்.

அந்நாட்டில் வீட்டையோ மனையையோ விற்க விரும்புவார் பெரும்பாலும் ஒரு தரகரிடம் ஒப்படைப்பர். அத்தரகர் அதனைத் தம் கைக்குள் மறைத்துக்கொள்ளாது, அவ்வட்டாரத் தரகர் அனைவர்க்கும் பொதுவானதொரு பட்டியலில் பதிந்து வைப்பர். விலை, இருக்கும் தெரு, அறைகளின் தொகை, கட்டடம் எழுந்த ஆண்டு, ஒளிப்படங்கள் யாவும் அப்பட்டியலில் இருக்கும். இத்தகைய பட்டியற் பணியகங்கள் அந்நாட்டில் ஏறத்தாழ 500 உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு குறுநில மன்னனைப் போன்றது. தன் பட்டியலுக்குத் தானே நெறி வகுத்துக்கொள்ளும்.

இணையம் பரவத் தொடங்கியபோது, தரகர் ஒவ்வொருவரும் இப்பட்டியலைத் தம் இணையப் பக்கத்திலும் காட்ட விரும்பினர். நாள்தோறும் மாறும் ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கையால் பெயர்த்தெழுத இயலுமா? ஆகவே 1999இல் 'இரெட்சு' எனப்படும் பரிமாற்ற நெறியொன்று வகுக்கப்பட்டது. பணியகத்தின் கணிப்பொறியிடம் தரகரின் கணிப்பொறி எவ்வாறு கேட்க வேண்டும், அது எவ்வாறு விடையிறுக்க வேண்டும் என்பதே அந்நெறி. அதனை ஒட்டிப் பல நிரல் நூலகங்கள் எழுந்தன. பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் எழுதுவார்க்கெனப் பிறந்த 'பி.எச்.இரெட்சு' அவற்றுள் பெயர் பெற்றது.

நிரல் நூலகம் என்றதும் ஏடுகள் அடுக்கிய பேழையை எண்ணற்க. முன்னரே எழுதிச் சரிபார்த்து வைத்த கட்டளைகளின் தொகுதி அது. வீட்டுக்கு வீடு உரலில் இட்டு ஆட்டாமல், ஆட்டிய மாவை வாங்கி வந்து இட்டலி சுடுவதைப் போன்றது அதனைப் பயன்படுத்தல். நிரலர் நாலைந்து வரிகளே எழுதுவார். நூலகம் அவர்தம் பெயரையும் மறைச்சொல்லையும் காட்டிப் பணியகத்துள் நுழையும், அங்குள்ள பட்டியலின் அமைப்பு எத்தகையது, எவ்வெக் கட்டங்கள் உள்ளன எனக் கேட்டறியும், பின்னர், '3,00,000 தாலர் முதல் 5,00,000 தாலர் வரை விலையுள்ள வீடுகளைத் தருக' என வினவும், வந்தவற்றை வரிசையாக அடுக்கித் தரும், ஒளிப்படங்களையும் கொணரும், இறுதியில் முறைப்படி வெளியேறும். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது.

ஆயின் இடர் அங்கேதான் தொடங்கிற்று. நூலகம் கதவைத் திறந்தது. உள்ளே இருந்த சொற்களை அதனால் திருத்த இயலவில்லை. படுக்கையறைத் தொகையைக் குறிக்கும் கட்டத்துக்கு ஒரு பணியகம் 'பெட்ரூம்சு' எனப் பெயரிட்டிருந்தது. இன்னொன்று 'பெட்சு' என்றது. வேறு சில, சொல்லே இல்லாது வெறும் எண்ணிட்ட குறிகளைக் கட்டப் பெயராக வைத்திருந்தன. குளியலறைக் கணக்கோ இன்னும் வேடிக்கை. குளிக்கும் இடமில்லாது கழிப்பிடமும் கைகழுவும் தொட்டியும் மட்டும் உள்ள அறையை அந்நாட்டார் அரைக் குளியலறை என்பர். இரண்டு முழுமையும் ஓர் அரையும் உள்ள வீட்டை ஓரிடத்தில் 2.5 எனப் பதிந்தனர். ஓரிடத்தில் 3 எனப் பதிந்தனர். மற்றோரிடத்தில் இரு கட்டங்களாகப் பிரித்துப் பதிந்தனர். விலை பேசி முடித்து, ஆவணம் இன்னும் எழுதப்படாத வீட்டின் நிலைக்கும் பணியகந்தோறும் வெவ்வேறு சொல் இருந்தது. ஒரு பணியகத்துக்கென எழுதிய நிரல் அடுத்த பணியகத்தில் பயன்படவில்லை. இந்தச் சொல்லுக்கு அந்தச் சொல் எனப் பணியகந்தோறும் இணைப்புப் பட்டியல் எழுதுவதிலேயே நிரலர்தம் நாள்கள் கழிந்தன.

இவர்கள் அனைவரும் எழுதிய மொழி ஒன்றே, ஆங்கிலமே. ஒரே மொழியினராய் இருந்தும், ஒரு பொருளுக்கு ஒரு சொல் என வரையறுக்காமையால் பொறி தடுமாறிற்று. உலகப் பொதுமொழி எனத் தமிழ்நாட்டில் சிலர் தலையில் தூக்கி ஆடும் ஆங்கிலத்தின் நிலை இது!

பின்னர் அவர் செய்தது யாது? சொல்லாய்வு செய்தனர். ஆம், தமிழ்ப்புலவரைப் பார்த்து எள்ளி நகைக்கும் அதே வேலையை வணிகரும் பொறியியலாரும் அமர்ந்து செய்தனர். வீடு பற்றிய தரவுகளுக்கெல்லாம் ஒரு சொல்லகராதி வகுத்தனர். விலைக்கு 'இலிசுட்பிரைசு', படுக்கையறைத் தொகைக்குப் 'பெட்ரூம்சுடோட்டல்' என ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயர். அதன் பொருள் இன்னது, அதனுள் எழுதத்தக்கவை இன்னின்னவை என வரையறை. மனைத் தரகரின் நாடளாவிய கழகம் தன்னைச் சார்ந்த பணியகங்கள் 2016 தொடக்கத்துக்குள் இதனை ஏற்க வேண்டும் எனப் பணித்தது. 2018இல் இரெட்சு நெறி வழக்கிறந்ததாக அறிவிக்கப்பட்டு, புதிய இணைய வாயில்முறைக்கு இடம்விட்டது. பழைய நெறிக்கென எழுதிய நூலகங்கள் மெல்ல மெல்ல வேலையற்றுப் போயின. சொல்லகராதியோ அழியவில்லை, புதிய வாயிலின் வழியே வருவனவும் அதே சொற்களே. இருபதாண்டில் நிரல் மூப்பெய்திற்று, சொல் நிலைத்தது. 'எந்தச் சொல்லையிட்டால் என்ன' என்பார் இதற்கு என்ன விடை கூறுவர்?

இன்னுமொன்று. 2020இல் தெக்குசாசு மாநிலத்து ஊசுட்டன் நகரத் தரகர் கழகம், தன் பட்டியலில் வீட்டின் பெரிய படுக்கையறையைக் குறித்து வழங்கிய 'மாசுட்டர்' என்னும் சொல்லை நீக்கிப் 'பிரைமரி' என்னும் சொல்லை வைத்தது. 'மாசுட்டர்' என்பதற்கு ஆண்டான் என்றும் பொருள் உண்டு. கருப்பின மக்களை அடிமை கொண்டிருந்த காலத்தின் வாடை அதில் வீசுகிறது என்பதே கரணியம். கட்டத்தின் பெயர் மாறிற்று. வீடு விற்பது நின்றுபோகவில்லை. தமிழில் ஒரு வேற்றுச்சொல்லைக் களைந்தால் 'வெறி' எனக் கூவுவார், இதற்கு என்ன பெயர் வைப்பார்?

இனித் தமிழகத்து நிலைக்கு வருக. நாளிதழின் வீட்டு விற்பனைப் பகுதியைப் புரட்டினால் 'டூ பி.எச்.கே. பிளாட், ஈசுட் பேசிங், கார் பார்க்கிங்' எனத் தமிழெழுத்தில் ஆங்கிலம் ஓடும். இதில் 'பிளாட்' என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் வெறுமனையைக் குறிக்கும் சொல் வேறு. அடுக்குமாடி வீட்டைக் குறிக்கும் சொல் வேறு. ஒலியும் வேறு, எழுத்தும் வேறு. தமிழெழுத்தில் பெயர்த்ததும் இரண்டும் 'பிளாட்' ஆகிவிடுகின்றன! வெறுநிலம் தேடுவானுக்கு மூன்றாம் மாடி வீடு வந்து நிற்கும். வீடு தேடுவானுக்கு முட்புதர் மண்டிய நிலம் வந்து நிற்கும். எத்துணைத் திறமான நிரல் நூலகத்தை வைத்துத் தேடினும் பொறியால் இவற்றைப் பிரித்தறிய இயலாது. மனை என்றும் அடுக்கக வீடு என்றும் தமிழில் எழுதியிருந்தால் இக்குழப்பத்துக்கே இடமில்லை. தூய தமிழ் இங்கே ஒப்பனை அன்று, பொறிக்குக் கண்.

நிலத்தைச் சொல்லால் வரையறுக்கும் கலை தமிழனுக்குப் புதிதன்று. ஆனைமங்கலம் என்னும் ஊரை நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராசன் வழங்கியதைக் கூறும் செப்பேட்டுத் தொகுதியில் 21 ஏடுகள் உள. அவற்றுள் 5 வடமொழி, 16 தமிழ். வடமொழிப் பகுதி மன்னர்தம் குலமரபைப் புகழும். நிலத்தின் பரப்பையும் எல்லையையும் சொல்ல வந்தவிடத்தில் தமிழே நிற்கிறது. பரப்பு வேலியில் தொடங்கி மா, காணி, முந்திரிகை என நுணுகிச் செல்கிறது. கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை எனச் சோழர் ஆவணங்களில் வரும் சொற்கள், இற்றை நாள் கணிப்பொறிப் பட்டியலின் கட்டப் பெயர்களே அன்றோ? ஒரே வகைப் பொருளுக்கு ஊர்தோறும் ஒரே சொல். அதனாற்றான் ஆயிரம் ஆண்டு கழித்தும் அவற்றைப் படித்து எல்லை காண இயல்கிறது. அவ்வழி வந்தவர்தம் ஆவணங்களில் இன்று 'சர்வே நெம்பர்' என்று ஒருவர் எழுதுகிறார். 'ரீசர்வே நெம்பர்' என்று இன்னொருவர். 'புல எண்' என்று மற்றொருவர்.

ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். கலெக்டர் மாவட்ட ஆட்சியர் ஆனார். நன்று. ஆயின் பெயர்ப்பலகையில் நின்ற தமிழ், பட்டியலின் கட்டங்களுக்குள் நுழைந்ததா? பட்டா, சிட்டா, பிளாட், சென்ட், கிரவுண்டு என்பனவே அங்குக் குடியிருக்கின்றன. கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி என்பதைச் சென்னைக்கு வெளியே எத்துணைப் பேர் அறிவர்?

இதில் அரசை மட்டும் குறைகூறித் தப்பிவிட இயலாது. தமிழியக்கத்தார் பக்கமும் பெரும்பிழை உண்டு. ஒரு பொருளுக்கு ஐந்து சொல் ஆக்குவதையே அவருட் சிலர் ஆற்றல் எனக் கருதுகின்றனர். கணிப்பொறி என்பார் ஒருவர்; கணினி என்பார் ஒருவர்; கணிப்பான் என்பார் மற்றொருவர். ஒருவர் ஆக்கியதை அடுத்தவர் ஏலார். ஏற்பின் தம் புலமை குன்றுமென அஞ்சுவர். பாட்டுக்கு இது வளம். பட்டியலுக்கு இது நஞ்சு. அமெரிக்கப் பணியகங்கள் பட்ட பாட்டைத்தான் மேலே கண்டோம்.

எழுத்துச் சிக்கலும் ஒன்றுண்டு. தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. அம்முறையில் 'தமிழ்' என்னும் சொல்லை எழுத்தெண்ணச் சொன்னால், பல நிரல்மொழிகள் மூன்று எனக் கூறா. ஐந்து எனக் கூறும். மெய்யையும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதே அதற்குக் கரணியம். 'கோ' என்னும் எழுத்தை இருவகைக் குறியெண் தொடராலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வேறு. நிரலர் இவற்றை ஒன்றாக்கிக்கொள்ள மறந்தால், கோவூர் என ஒருவர் தேட, கோவூரில் உள்ள வீடு கிடைக்காது. எழுத்தைத் தமிழ் முறைப்படி பிரித்தெண்ணுதற்கென 'ஓப்பன் தமிழ்' என்னும் நூலகம் பைத்தான் மொழியில் எழுதப்பட்டு இலவயமாகக் கிடைக்கிறது. தமிழியக்க இதழ்கள் இத்தகைய பணிகளுக்குப் பக்கம் ஒதுக்குவதில்லை. எந்நாளும் பெயர்ப்பலகைப் போராட்டமே அவற்றுக்குச் செய்தி.

செய்யத்தக்கது பெரிதொன்றும் அன்று. நிலமும் வீடும் பற்றிய நாற்பது ஐம்பது சொற்களை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழாசிரியர், ஆவண எழுத்தர், நில அளவர், நிரலர் ஆகியோர் ஒருங்கமர்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல்லை, அதன் வரையறையோடு, முடிவு செய்ய வேண்டும். மக்கள் நாவில் முன்னரே வழங்கும் தமிழ்ச்சொல் இருப்பின் அதற்கே முதலிடம். புதுச்சொல் ஆக்கும் விருப்பத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். முடித்த பட்டியலைப் பதிவுத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் அனுப்பி, இரு துறையும் தம் தரவுகளை அப்பெயர்களிலேயே, எவர் நிரலும் கேட்டுப் பெறும் வகையில், திறந்துவைக்க வேண்டும் எனக் கேட்க வேண்டும். உரிமையாளரின் தனிச்செய்திகளைக் காத்துக்கொண்டே இதனைச் செய்யலாம்.

வெறுநிலத்துக்கு மனை, கட்டியதற்கு வீடு, அடுக்குமாடியில் உள்ளதற்கு அடுக்கக வீடு, சர்வே நெம்பருக்குப் புல எண், சப்டிவிசனுக்கு உட்பிரிவு, ஈசுட் பேசிங்குக்குக் கிழக்கு வாயில். இவற்றில் பூசலுக்கு இடமில்லை. மனை என்பது பண்டு இல்லத்தையும் குறித்தது என யாரேனும் நூற்பாவோடு எழுந்து நிற்பின், அவரை வணங்கி அமரச் செய்யலாம். பெட்ரூமுக்குத்தான் படுக்கையறையா, பள்ளியறையா, துயிலறையா எனப் புலவர் மூவர் மூன்று பக்கம் இழுப்பர். படுக்கையறை ஊரறிந்த சொல். அதனையே கொண்டு, அன்றைக்கே அடுத்த சொல்லுக்குச் செல்லலாம்.