யாரு? ஏன்?

பாரிவாக்கம், அம்பத்தூர் பக்கம் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர் இருந்தால் கேளுங்கள். தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் வைப்பார்கள். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும், விரலுக்கு ஆபத்தில்லை. பழைய மெஷினில் ஒரு பட்டனில் குச்சியைச் செருகினால் ஒரு கை ஃப்ரீ! என்றைக்காவது விரலும் போகும்.

உடனே விசாரணை. 'யாருய்யா குச்சி வெச்சது?' ரிப்போர்ட்: 'தொழிலாளியின் கவனக்குறைவு.' டீ, பிஸ்கட், ஃபைல் க்ளோஸ்.

டொயோட்டாவின் டாயிச்சி ஓனோ, 'ஏன்?' என்று ஐந்து தடவை கேட்கச் சொன்னவர். ஏன் குச்சி? வேகத்துக்கு. ஏன் வேகம்? டார்கெட். ஏன் அவ்வளவு டார்கெட்? பக்கத்து மெஷின் ரிப்பேர். ஏன் ரிப்பேர் பார்க்கவில்லை? பணம் ஒதுக்கவில்லை. ஏன் ஒதுக்கவில்லை? இதற்குள் ஏ.சி. ரூம் வாசலுக்கே வந்துவிடுவோம். பலர் 'யாரு?'வோடு நிறுத்திக்கொள்ளும் ரகசியம் இதுதான்.

நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் 2020 மே 7-ல் ஆறாவது யூனிட் பாய்லர் வெடித்தது. ஜூலை 1-ல் ஐந்தாவது யூனிட். இரண்டிலும் உயிர்ப்பலி. இடைவெளி 55 நாள்!

அடுத்த விபத்துக்கு முன்னால் விடை வந்தால்தான் அது விசாரணை. 'கவனக்குறைவு' என்று எழுதப் போகிறீர்களா? பேனாவை மூடிவிட்டு இன்னொரு 'ஏன்' கேளுங்கள், சார்.